விழுந்தவளின் சிவப்பு உறை

கௌலூன்
1974 பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை ஹிங் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். நீயும் அத்தானும் சுகம்தானே? ஈப்போவில் கடை வியாபாரம் எப்படிப் போகிறது?

பெரிய சேதி ஒன்று. இனி நான் சும்மா கூட்டத்தில் நின்று அடி வாங்குகிறவள் இல்லை. கதாநாயகிக்குப் பதிலாகச் சண்டை போடுகிறவள். இத்தனை வருஷமும் பெண்களுக்குப் பதிலாக ஆண்பிள்ளைகள்தான் டோப்பா வைத்துக்கொண்டு குதித்தார்கள். எங்கள் ஸ்டூடியோவில் அந்த வேலை அ-காவ் என்பவனுடையது. "பொம்பளைக்குப் பொம்பளையே குதிச்சா என்ன?" என்று கேட்டேன். இயக்குநர் ஃபூங் சிரித்தார். "குதிச்சுக் காட்டு" என்றார். மேசைகளை அடுக்கி இரண்டு பேரையும் தாண்டச் சொன்னார். நான் தாண்டினேன். அ-காவும் தாண்டினான், ஆனால் அவன் டோப்பா தாண்டவில்லை, மேசைக்கு அந்தப் பக்கமே விழுந்து கிடந்தது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வேலை எனக்குக் கிடைத்தது.

படத்தின் பெயர் 'உப்பளத்து வீராங்கனை'. நேற்று பூஜை. காமிராவுக்குச் சிவப்புத் துணி போர்த்தி, சுட்ட முழுப் பன்றியை முன்னால் வைத்து, எல்லோரும் ஊதுவத்தி காட்டினோம். பன்றியின் மொறுமொறுத் தோலில் பெரிய துண்டு எனக்கு.

சின்ன வயதில் நாம் இருவரும் உதைக்கப் பழகிய நாடகக் குழுவில் இல்லாத ஒரு வழக்கம் இங்கே உண்டு. படத்தில் செத்துப்போகிற மாதிரி நடித்தால், அந்தக் காட்சி முடிந்த கையோடு இயக்குநர் ஒரு சிவப்பு உறையில் கொஞ்சம் சில்லறை வைத்துக் கொடுக்க வேண்டும். வாங்கியவன் வீடு திரும்புவதற்குள் அதைச் செலவழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சாவு அவனோடு வீட்டுக்கு வந்துவிடுமாம். இன்று கொள்ளைக்காரனாக நடித்த ஒரு கிழவர் செத்தார். எழுந்து உறையை வாங்கிக்கொண்டு, வயிற்றில் வழிந்த சாய ரத்தத்தோடு ஓடிப்போய் சிகரெட் வாங்கினார்.

குளிருக்குக் கழுத்தைச் சுற்றிக்கொள் என்று நீ சொல்வாய். சுற்றிக்கொண்டேன்.

உன் தங்கை,
ஹிங்


ஈப்போ
1974 மார்ச் 2

அன்புத் தங்கை ஹிங்குக்கு,

லான் அக்கா எழுதுகிறேன். நாங்கள் நலம். அத்தானுக்கு முட்டிவலி, ஆனால் புலம்புவதற்குத் தெம்பு இருக்கிறது.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். டோப்பா விழுந்த இடத்தில் காபியைச் சிந்திவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டோப்பா வைத்த ஆண்பிள்ளையோடு போட்டி போட்டு ஜெயித்தாள் என் தங்கை என்று நான் யாரிடம் போய்ப் பீற்றிக்கொள்வது? ஜெயித்து என்ன வாங்கினாய்? முகத்தைக் காட்டாமல் குதிக்கிற உரிமை.

இந்தத் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார். நல்லவர், தலையில் முடி கொஞ்சம் குறைவு. உன் புகைப்படத்தைக் காட்டினேன், இரண்டு முறை பார்த்தார். வந்துவிடு, ஹிங். ஒரு பெட்டியோடு வந்தால் போதும்.

இன்னும் உதைக்கும் முன்னால் இடது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்கிறாயா? குழுவில் அந்த விரல் ஒடிந்ததிலிருந்து உனக்கு இந்த வழக்கம். எத்தனை பிரம்படி வாங்கியும் விடவில்லை. சினிமாவிலாவது திருத்தினார்களா? எனக்குத் தெரிய வழியில்லை. நான் இந்த மாதிரிப் படங்களைப் பார்ப்பதில்லை. கல்யாணமான நாளோடு எல்லாவற்றையும் தலைமுழுகிவிட்டேன்.

உயரமான இடத்திலிருந்து குதிக்காதே. நேரத்துக்குச் சூப் குடி.

அக்கா,
லான்


கௌலூன்
1974 ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் காய்ந்த இறால் பொட்டலமும் வந்தன. நான் சுகம். அத்தான் முட்டிக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்புகிறேன். சைக்கிள் கடைக்காரரை மூன்றாவது முறை பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடு.

மாதம் முழுக்க நான் தண்ணீர் சுமக்கிறேன், உப்பு மூட்டை சுமக்கிறேன், மூங்கில் மேல் நடக்கிறேன், விழுகிறேன், மறுபடி ஏறுகிறேன். படத்தின் கதை அதுதான். ஊரே எள்ளி நகையாடும் உப்புக்காரன் மகள் பயிற்சி செய்து செய்து பெரிய ஆளாகிறாள். இயக்குநர் ஃபூங் தினமும் காலையில் பிரசங்கம் செய்கிறார்: "இது அடிதடிப் படம் இல்ல. ஒரு பொண்ணு தன்னைத்தானே வளர்த்துக்கறதைப் பத்தின படம்." தன்னைத்தானேயாம்! முகம் கதாநாயகி மான்-யீயுடையது. குரல் பின்னால் வந்து பேசப்போகும், நான்கு பிள்ளை பெற்ற ஓர் அம்மாளுடையது. உடம்பு என்னுடையது. மூன்று பேர் சேர்ந்து ஒருத்தியை வளர்க்கிறோம். இதில் நிஜமாக வளர்ந்தது என் தோள்பட்டை மட்டும்தான், பழைய சட்டை எதுவும் போடமுடியவில்லை.

மான்-யீ கெட்டவள் இல்லை. நான் மூச்சிரைக்க வந்து உட்காரும்போது தன் தேநீரைக் கொடுப்பாள். பிறகு என் வியர்வையைப் பார்த்து அதே மாதிரி அவள் முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள்.

நாளை பெரிய காட்சி. கல்லுடைக்கும் மலையில் வில்லன் அவளைத் தள்ளிவிடுகிறான். அவள் செத்துவிட்டாள் என்று எல்லோரும் நினைப்பார்கள். பிறகுதான் எழுந்து வந்து கடைசிச் சண்டை. கீழே அட்டைப் பெட்டிகளை அடுக்கி மேலே மெத்தை போடுவார்கள், பயப்படாதே. அ-காவ் இன்று வந்து, "இப்பவும் நேரம் இருக்கு, டோப்பாவை நான் வெச்சுக்கறேன்" என்றான். "உன் தலையில அது நிக்காது" என்றேன்.

கட்டைவிரலை யாரும் திருத்தவில்லை.

உன் தங்கை,
ஹிங்


ஈப்போ
1974 மே 14

ஹிங்குக்கு,

நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று எழுதக்கூட நேரமில்லையா? மலையிலிருந்து குதிக்கப் போகிறேன் என்று ஒரு கடிதம் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் இங்கே ஒருத்தி எப்படிச் சோறு தின்பாள்? தபால்காரர் இப்போது என்னைக் கண்டாலே சைக்கிளைத் திருப்புகிறார்.

கோபித்துக்கொண்டாயா? சைக்கிள் கடைக்காரர் பேச்சை எடுக்கவில்லை, போ. அவருக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது.

ஒரு வரி எழுது.

அக்கா


கௌலூன்
1974 ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கவலைப்பட்டிருப்பாய், மன்னித்துக்கொள். வேலை அதிகம். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பார்க்காதே. என் விரலில் கத்தி கீறிவிட்டது, தெரிந்த பெண் ஒருத்தி எழுதித் தருகிறாள். படம் முடிந்துவிட்டது. நன்றாக வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

தைலம் இந்த மாதம் அனுப்ப முடியவில்லை.

தங்கை,
ஹிங்


ஈப்போ
1974 ஜூன் 25

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கண்டதும் உயிர் வந்தது. விரல் ஆறியதா? எந்தக் கை, எந்த விரல் என்று எழுதவில்லையே. சின்ன வயதில் எறும்பு கடித்தாலே மூன்று நாள் கதை சொல்கிறவள் நீ.

மழையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறாயா? உனக்கு ஏது அவ்வளவு நேரம்?

பெரிய தெருத் தியேட்டரில் உங்கள் படத்து விளம்பரப் பலகை வைத்திருக்கிறார்கள். மான்-யீ வாளோடு நிற்கிறாள். வாளைப் பிடித்திருக்கிற பிடியைப் பார்த்தால் முள்ளங்கி நறுக்கப் போகிறவள் மாதிரி இருக்கிறது. நான் பார்க்கப் போவதில்லை. அத்தான் போகிறாராம், போகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
லான்


ஈப்போ
1974 ஜூலை 18

ஹிங்,

சுகமா என்று கேட்கமாட்டேன். பொய்தான் சொல்வாய்.

நேற்று படத்துக்குப் போனேன். அத்தானைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை, அவ்வளவுதான். தர்பூசணி விதையைக் கொறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் குறை சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். அப்போது அந்த உப்புக்காரப் பெண் முதுகைக் காட்டிக்கொண்டு மூங்கில் மேல் ஏறினாள். உதைக்கும் முன்னால் இடது கட்டைவிரல் உள்ளே போனது.

கையிலிருந்த விதையெல்லாம் கொட்டிவிட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன். "அது என் தங்கச்சி!" என்று கத்தினேன். பின்னால் ஒருவன், "உக்காரும்மா, அது மான்-யீ" என்றான். "முகம்தான்டா மான்-யீ, காலு என் தங்கச்சி!" என்றேன். "அப்ப நான் சக்கரவர்த்தி, என் சிம்மாசனத்தை மறைக்காம உக்காரு" என்றான். தியேட்டரே சிரித்தது. அத்தான் என் கையைப் பிடித்து இழுத்தார். எனக்கு வெட்கமே இல்லை, ஹிங். அவ்வளவு அழகாக இருந்தாய். குழுவில் நான்தான் உன்னைவிட நன்றாக உதைப்பேன் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை.

பிறகு மலை. நீ விழுந்தாய். விழும்போதும் விரல் உள்ளேதான் இருந்தது.

அதற்குப் பிறகு மான்-யீ கண்ணை மூடிக் கிடந்தாள், குரு அழுதார், அவள் எழுந்தாள், கடைசிச் சண்டை தொடங்கியது. கட்டைவிரல் வெளியே இருந்தது. ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு உதைக்கும். பெரிய தோள், பெரிய பாதம், கழுத்தை அசைக்காமல் ஒரு நடை, டோப்பா விழுந்துவிடுமோ என்று பயப்படுகிறவன் மாதிரி. படம் முடிந்து எல்லோரும் கைதட்டினார்கள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சண்டையை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கிறவள் இல்லை நீ.

எங்கே இருக்கிறாய்? எது ஒடிந்தது? உயிரோடிருக்கிற கையால் நீயே எழுது.

லான்


கௌலூன்
1974 ஆகஸ்ட் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும், அத்தானும். இதை நானே எழுதுகிறேன். விரலில் எந்தக் கத்தியும் கீறவில்லை. மல்லாக்கப் படுத்த படுக்கையாக இருந்தேன், ஒரு நர்ஸ் எழுதித் தந்தாள்.

இடது தொடை எலும்பு முறிந்தது. ஒடிந்த இடம் கூடிவிட்டது, மாவுக்கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. நடப்பேன் என்கிறார் டாக்டர், கொஞ்சம் சாய்ந்து நடப்பேனாம். உதைக்க முடியுமா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

பெட்டிகளை முதலில் சரியாகத்தான் அடுக்கியிருந்தார்கள். நான் மேலே ஏறி நின்ற பிறகு இயக்குநர் காமிராவைத் தாழ்த்தினார். ஓரத்துப் பெட்டி படத்தில் தெரிகிறது என்று அந்த வரிசையை இழுத்துவிட்டார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. பாதி உடம்பு மெத்தையில், பாதி கல்லில்.

ஃபூங் ஆஸ்பத்திரிக்கு வந்தார். செலவெல்லாம் ஸ்டூடியோ பார்த்துக்கொள்ளும் என்றார், பார்த்துக்கொண்டார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாராவது கேட்டா பஸ்ஸுல இருந்து விழுந்தேன்னு சொல்லிடும்மா. படத்துக்குக் கெட்ட சகுனம்" என்றார்.

"சரி, என் சிவப்பு உறை எங்கே?" என்றேன்.

"அதை அன்னைக்கே மான்-யீக்குக் குடுத்தாச்சே. செத்தது அவதானே?"

அக்கா, கால் ஒடிந்தபோது நான் அழவில்லை. இதற்கு அழுதேன். அவர் போன பிறகுதான்.

மான்-யீயும் வந்தாள். உறையில் இருந்த காசுக்கு அன்றே பட்டுக் காலுறை வாங்கிவிட்டாளாம், வழக்கப்படி. "இது உன்னுது" என்று அதைக் கொண்டுவந்து மடியில் வைத்து அழுதாள். ஒரு காலில் மாவுக்கட்டு, இன்னொரு காலில் பட்டுக் காலுறையைப் போட்டுக்கொண்டேன். நர்ஸ்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் அது எனக்குக் கணக்கில்லை. உறையைத் தரவேண்டியது அவள் இல்லை.

வருகிற எல்லோரிடமும் நான் மலையிலிருந்துதான் விழுந்தேன் என்று சொல்கிறேன். அதனால் ஸ்டூடியோவிலிருந்து இப்போது யாரும் வருவதில்லை.

உன்னிடம் ஏன் மறைத்தேன் தெரியுமா? 'வந்துவிடு' என்று எழுதுவாய் என்ற பயம். எழுதினால் வந்துவிடுவேன் என்று அதைவிடப் பயம்.

உன்
ஹிங்


ஈப்போ
1974 ஆகஸ்ட் 12

என் ஹிங்குக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படிப் பக்கமே போகவில்லை. அத்தான் கடையை அரை நாள் மூடிவிட்டு எனக்குக் கஞ்சி வைத்தார். உப்புப் போட மறந்துவிட்டார்.

எலும்புக்கான மருந்துவேர் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன், கோழியோடு கொதிக்க வை. மாடி அறையைக் காலி செய்து வைத்திருக்கிறோம். அத்தான் படிக்கட்டுக்குக் கைப்பிடி வைத்துவிட்டார், சொல்லாமலே.

ஆனால் இப்போது வராதே.

இவ்வளவு நாளும் வா வா என்று எழுதியவள் நான்தான். அந்த உறையை அவன் கையிலிருந்து வாங்காமல் இங்கே வந்தாயானால் வாசலிலேயே நிற்க வைப்பேன், ஒடிந்த காலென்று பார்க்கமாட்டேன். பஸ்ஸிலிருந்து விழுந்தவளாம்! நான் தியேட்டரில் அத்தனை பேருக்கு முன்னால் கத்தியது பஸ்ஸிலிருந்து விழுந்தவளுக்காகவா?

அந்த மனிதனுக்குத் தன் படம் புரியவில்லை. விழுந்தவள் எழுந்து வந்து கேட்பாள் என்பதுதானே அவன் கதை?

இன்னொரு விஷயம். நேற்று கடைக்குப் பின்னால் யாரும் இல்லாதபோது காலைத் தூக்கி உதைத்துப் பார்த்தேன். இடுப்பளவுதான் வந்தது. அத்தான் பார்த்துவிட்டார். "என்ன, கொசு அடிக்கிறியா?" என்றார். இன்று இன்னும் கொஞ்சம் மேலே வந்தது.

வாங்கிக்கொண்டு எழுது. அதுவரை நான் எழுதமாட்டேன்.

உன் அக்கா,
லான்


கௌலூன்
1974 அக்டோபர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை நலம். இந்தத் தடவை நம்பலாம். அத்தான் முட்டி எப்படி? படிக்கட்டுக் கைப்பிடியை இப்போதைக்கு அவரே பிடித்துக்கொண்டு ஏறட்டும்.

இன்று காலை ஃபூங்கின் புதுப் படத்துக்குப் பூஜை. என்னை யாரும் அழைக்கவில்லை. வலது காலில் மான்-யீயின் பட்டுக் காலுறை, கையில் ஊன்றுகோல். போய் வரிசையில் நின்றேன். காமிராவுக்குச் சிவப்புத் துணி, முன்னால் பன்றி. ஊதுவத்தியை ஏற்றிக் கும்பிட்டேன். பிறகு ஃபூங் முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

பூஜை நாளில் எல்லோருக்கும் கொடுக்க அவர் சட்டைப்பை நிறையச் சிவப்பு உறைகள் வைத்திருப்பார். பல்லைக் காட்டிக்கொண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "வாம்மா, வா. பாத்து எவ்வளவு நாளாச்சு!"

நான் வாங்கவில்லை. "இது பூஜைக்குக் குடுக்கறது. எனக்கு வேண்டியது செத்ததுக்கு."

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?"

"உங்க படத்துல நான் செத்தேன். அந்தச் சாவை இன்னும் யாரும் எங்கிட்டேருந்து வாங்கிக்கல. எதுக்குன்னு வாயால சொல்லிக் குடுங்க, போயிடறேன்."

"அப்புறமா ஆபீஸ்ல பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, "அ-காவ், கூரை மேல ஏறு, முதல் ஷாட்டு உன்னுது" என்று கத்தினார்.

அ-காவ் டோப்பாவோடு தயாராக நின்றிருந்தான். அதைக் கழற்றினான். பன்றிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் ஏறமாட்டேன். அவ சாவு தீரல. அது அந்தக் கூரை மேலதான் உக்காந்திருக்கு. போன தடவை அவளைப் பிடிச்சுது, இந்தத் தடவை யாரைப் பிடிக்கும்?"

"பைத்தியக்காரா, எழுந்திரு!"

"நீங்க ஏறுங்க சார், நான் கீழ நின்னு பாக்கறேன்."

சண்டைக்காரர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். விளக்குக்காரர்கள் ஏணியிலிருந்து இறங்கினார்கள். மான்-யீ நாற்காலியிலிருந்து எழுந்து, படத்துக்காகப் போட்டிருந்த நீளப் பட்டு உடையோடு, அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தாள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன், கையை நீட்டியபடி. மடக்கவில்லை.

ஃபூங் பன்றியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அவருக்கும் பயம்தான், அக்கா, இந்த விஷயத்தில் எல்லோரையும்விட அவருக்குத்தான் பயம் அதிகம். இன்னோர் உறையை எடுத்தார். வழக்கப்படி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மலையிலேருந்து விழுந்தது நீதான்" என்றார்.

"சத்தமா."

"மலையிலேருந்து விழுந்தது ஹிங்தான்! பெட்டியை இழுக்கச் சொன்னது நான்தான். போதுமா?"

"போதும். இனிமே பெட்டி அடுக்கறது நான். நான் சரின்னு சொன்ன பிறகு யாரும் தொடக்கூடாது."

அ-காவ் எழுந்து, "எங்க வெக்கணும்னு சொல்லு" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஊன்றுகோலால் தரையில் இடத்தைக் காட்டினேன். அவன் குதித்தான். மெத்தை நடுவில் வந்து விழுந்தான். டோப்பா மட்டும் ஓரத்தில் விழுந்தது.

உறையில் இருந்ததை வீடு திரும்பும் முன்னால் செலவழித்துவிட வேண்டும், தெரியுமல்லவா? இந்தக் கடிதத்தின் மேலே ஒட்டியிருக்கும் தபால்தலையைப் பார். அந்தக் காசுதான். தாளும் உறையும்கூட அதில்தான் வாங்கினேன். மிச்சம் ஒன்றும் இல்லை, அந்தச் சாவு எங்கும் வராது.

நீ எழுதலாம் இனி. கால் எவ்வளவு உயரம் வருகிறது என்று முதலில் எழுது.

எழுத்துக் கோணலாக இருந்தால் திட்டாதே. தபால் நிலையத்தில் நாற்காலி இருக்கிறது, எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றுகொண்டே எழுதுகிறேன், அக்கா. நின்றுகொண்டே.

உன் தங்கை,
ஹிங்